வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு

செப்டம்பர் 25, இரவு

கால அட்டவணையை இன்றே முடித்தாக வேண்டும். காலாண்டு விடுமுறையில் ஏழு நாள், சாரண, சாரணிய ஆசிரியர்களுக்கான அடிப்படைப் பயிற்சி. கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு பள்ளி வளாகம். கைக்கு வந்த வரைவில் காலையிலிருந்து மாலைவரை உரைகள்தான்: இயக்க வரலாறு, உறுதிமொழி, ஒன்பது விதிகள், அணி முறை, முதலுதவி, பதிவேடுகள். இவற்றில் எதுவும் தேவையற்றதல்ல. ஆனால் இந்த ஆசிரியர்கள் ஊர் திரும்பியதும் அவர்களுக்கு மிஞ்சுவது வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடும், பள்ளி விட்டபின் பிள்ளைகளின் பஸ் வரும்வரை கிடைக்கும் கொஞ்ச நேரமும்தான். அதற்குள் ஒரு கூட்டம் நடத்தக் கை பழகவில்லையென்றால், ஏழு நாள் எழுதிய நோட்டு நேராக பீரோவுக்குள் போய்விடும்.

அணி முறை பற்றிய உரையை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் பக்கத்துப் பள்ளியின் அணித் தலைவர்களை வரவழைக்கலாம் என்று கேட்டேன். முகாம் தலைவர் தயங்கினார்.

"பிள்ளைங்க பேச, வாத்தியாருங்க உக்காந்து கேக்கணுமா?"

"ஆமா சார். வாயே திறக்காம கேக்கணும்."

கடைசியில் சம்மதித்தார்.

செப்டம்பர் 27

எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். மாலையில் நான்கு அணிகளாகப் பிரித்தோம். இனி ஏழு நாளும் அவர்கள் ஆசிரியர்கள் அல்ல, அணி உறுப்பினர்கள். கூடாரத்துக்கு முளை அடிப்பது, தட்டு வைக்கக் கம்பும் சணல் கயிறும் கொண்டு தாங்கி கட்டுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் முறை வைத்து. ஓய்வுபெற இரண்டு வருஷமே இருக்கும் ஒரு தலைமையாசிரியர், தன் மகன் வயதுள்ள அணித் தலைவரிடம் "அடுத்து என்ன செய்யணும் சார்?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

இந்த ஏற்பாடு நாமாகச் செய்ததல்ல. 1919 செப்டம்பர் 8 அன்று இங்கிலாந்தின் கில்வெல் பார்க்கில் சாரண ஆசிரியர்களுக்கான முதல் உட் பேட்ஜ் பயிற்சி தொடங்கியபோதே, பெரியவர்களை அணிகளாகத்தான் வாழவைத்தார்கள். அதற்கும் முன்னால், 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில், சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் இருபது பையன்கள்வரை இருந்தார்கள். பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்களும் உழைப்பாளி வீட்டுப் பையன்களும் கலந்து நான்கு அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனே தலைவன். தலைமை பிள்ளைகள் கையில் இருந்தது என்பதுதான் அந்த முகாமின் புதுமை. கூடாரமும் நெருப்பும் ராணுவத்திலும் உண்டு.

செப்டம்பர் 28

முடிச்சுகள். பலகையில் படம் போடவில்லை. ஆளுக்கொரு துண்டுக் கயிறு கொடுத்தோம், சிலருக்குத் தடிமன், சிலருக்கு மெல்லிசு. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதை ஆறு என்றோம். அக்கரையில் மணல் மூட்டை. கயிறுகளை இணைத்து மூட்டையை இக்கரைக்கு இழுக்க வேண்டும். முதல் இழுப்பிலேயே இரண்டு அணிகளின் கயிறு பாதியில் கழன்றது. தடிமன் வேறுபட்ட கயிறுகளை ரீஃப் நாட் தாங்காது, ஷீட் பெண்ட் வேண்டும். அதைச் சொல்ல நான் வாயெடுக்கும் முன்பே ஒரு கணித ஆசிரியை கழன்ற முனையைப் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். ரீஃப் நாட் எதற்கு என்ற கேள்வி பிறகு தானாக வந்தது. கட்டுத்துணியின் முனைகளை முடிந்தால் தோலில் உறுத்தாமல் தட்டையாகப் படியும், அதற்கு.

முடிச்சுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் பிள்ளை மறப்பதில்லை. சோபான் என்னும் படிநிலைத் தேர்வுக்காக மட்டும் கட்டிய முடிச்சு, தேர்வு முடிந்த மறுநாளே கையை விட்டுப் போய்விடும்.

செப்டம்பர் 29

வரலாற்று வகுப்பு. 1917இல் சென்னையில் அன்னி பெசன்ட் இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கியதைப் பேசினோம். அப்போதிருந்த சாரணர் அமைப்பு நம் பிள்ளைகளைத் தயக்கமின்றிச் சேர்த்துக்கொள்ளவில்லை. பல சங்கங்கள் ஒன்றாகி 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் சாரணியர் அமைப்பு பிறந்தது. சேர்க்கப்படாதவர்களுக்காகத் தொடங்கிய வரலாறு நம்முடையது. அதனால் சீருடைத் துணி எடுக்க வீட்டில் வழியில்லை என்று ஒரு பிள்ளை தனியே நிற்கக் கூடாது. ஸ்கார்ஃப் மட்டும் கட்டி வரிசையில் நிற்கட்டும், மற்றது பிறகு வரும். இதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

செப்டம்பர் 30

அணித் தலைவர்கள் வந்தார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், பெண்களும் பையன்களும். அணித் தலைவர்களின் குழுவான கோர்ட் ஆஃப் ஹானர் கூடி அடுத்த மாத நடைப்பயணத்தைத் திட்டமிட வேண்டும். ஆசிரியர்கள் சுற்றிலும் தரையில்.

சாப்பாட்டுக்கே வெகுநேரம் போனது. புளியோதரையா, வீட்டிலிருந்து ஆளுக்கொன்றா, அங்கேயே சமைப்பதா? பின்னாலிருந்த ஆசிரியர் ஒருவர் நெளிந்தார். கை காட்டி அமர்த்தினேன். சமைப்பது என்று முடிவாயிற்று, விறகு யார், பாத்திரம் யார் என்று பிரித்தும் கொண்டார்கள். பேசாமலே இருந்த ஒரு பையனிடம், கூட்டத்தை நடத்திய பெண், "நீ ஒண்ணுமே சொல்லலையே, உன் அணி என்ன கேட்டுச்சு?" என்றாள். பல வருஷம் வகுப்பெடுத்த நமக்குப் பல நேரம் வராத கேள்வி இது.

அடுத்து, வழியில் ஓடையில் குளிக்கலாம் என்றார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். மலையில் மழை பெய்துகொண்டிருக்கும் காலம், ஓடை எந்த நேரமும் பெருகும். அங்கே பேசினேன்: "ஓடை வேண்டாம், மழைத் தண்ணி திடீர்னு வரும்." முகம் வாடியது. ஆனால் ஒத்துக்கொண்டு வேறு இடம் யோசித்தார்கள்.

மாலைக் கலந்துரையாடல் முழுக்க இதே பேச்சு: எப்போது வாய் மூடுவது, எப்போது தடுப்பது? என் நிலைப்பாட்டைச் சொன்னேன். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து, ஒரு பிள்ளையின் மானத்துக்குக் குறை, இந்த இரண்டுக்கு மட்டும் நம் மறுப்பு. உப்புமா கருகினால் கருகட்டும். ஒரு சாரணிய ஆசிரியை ஒப்புக்கொள்ளவில்லை. "செலவுக் கணக்குல தப்பு பண்ணா நாமதானே பதில் சொல்லணும்?" என்றார். நியாயமான கேள்வி. கணக்கை அவர்களே எழுதட்டும், கிளம்பும் முன் நாம் ஒருமுறை பார்ப்போம் என்பதில் வந்து நின்றோம்.

அக்டோபர் 1

பாதுகாப்பு வகுப்பை நானே எடுத்தேன். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையிலோ கூடாரத்திலோ தனியாக இருக்கக் கூடாது. வெளியே கூட்டிப்போனால் பெரியவர்கள் இருவராவது வேண்டும், பெண் பிள்ளைகள் வந்தால் ஆசிரியை கட்டாயம். பெற்றோரின் எழுத்துச் சம்மதம், ஒவ்வாமையும் மருந்தும் குறித்த தாள், கிட்டத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். "நம்ம மேலயே சந்தேகமா?" என்று ஒருவர் வருத்தப்பட்டார். பிள்ளை நம்பி வருகிறது, அந்த நம்பிக்கைக்கு நாம் வேலி போடுகிறோம் என்றேன். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அக்டோபர் 2

காந்தி ஜெயந்தி. காலையில் சர்வ சமயப் பிரார்த்தனை. பிறகு ஒவ்வொருவரும் தம் பள்ளிக்கான ஒன்றரை மணி நேரக் கூட்டத்தைத் தாளில் எழுதினார்கள்: கொடி, பரிசோதனை, விளையாட்டு, ஒரு திறன், அணிகள் தனித்தனியே கூடும் அணி மூலை, ஆசிரியரின் சில நிமிடப் பேச்சு, கலைதல். பெரும்பாலான தாள்களில் ஆசிரியர் பேச்சே பாதியைத் தின்றிருந்தது. திருப்பிக் கொடுத்து, நிமிடங்களின் எதிரே யார் நடத்துகிறார் என்று பெயர் எழுதச் சொன்னோம். தம் பெயரே வரிசையாக வருவதைப் பார்த்ததும் அவர்களே அடித்துத் திருத்தினார்கள்.

மாலையில் மழை. கேம்ப் ஃபயரை வராந்தாவுக்கு மாற்றினோம்.

அக்டோபர் 3

கலைந்தாயிற்று. சான்றிதழைவிட முக்கியமாக ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்: பொங்கலுக்குள் ஒவ்வொருவரும் அணித் தலைவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கென்று தனியாக ஒரு நாள் பயிற்சி நடத்த வேண்டும். ஆசிரியர் பயிற்சி அங்கேதான் சோதிக்கப்படும். நாங்கள் ஆளுக்குச் சில பள்ளிகளைப் பிரித்துக்கொண்டு நேரில் போவதாக ஏற்பாடு. உயர்நிலைப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்கள், அந்த ஒரு நாளின் குறிப்பேட்டை, அணித் தலைவர்கள் தம் கையெழுத்தில் எழுதியதை, கொண்டுவர வேண்டும். முதல் பள்ளி நவம்பர் இரண்டாம் வெள்ளி. கடைசிப் பீரியடுக்கு முன்பே போய்ச் சேர, பகல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.