வீட்டுத் தோட்டத்துல கோடையின் முதல் அறுவடை: ரசிச்சுச் சாப்பிடுங்க, ஒரு துண்டை நாக்குல வெச்சுப் பார்த்துட்டு

1/
போத்தனூர்ல வெயில் ஏற ஆரம்பிச்சாச்சு. தைப்பட்டத்துல ஊன்றின விதையெல்லாம் பங்குனியில கைக்கு வருது. இந்த வாரம் மாடியிலயும் முன்வாசல்லயும் பறிச்சது: சுரைக்காய் ரெண்டு, வெண்டைக்காய் கால் கிலோ, ஒரு கூடை கத்தரி, தக்காளி, ஒரு பெரிய கட்டு அரைக்கீரை, மூணு முழம் கட்டற அளவுக்குக் குண்டுமல்லி. இந்த த்ரெட் அந்த அறுவடையைப் பத்தி. நடுவுல டாக்டரா ஒரு விஷயம் சொல்லணும். அது ஒரு உயிர் சம்பந்தப்பட்டது, அதனால கடைசி வரைக்கும் படிங்க.

2/
முதல்ல புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கீரை விதைச்ச 25 நாள்ல அறுக்கலாம். வெண்டை 45 நாள்ல காய்க்கும். சுரை 60 நாள் கேக்கும். தை மாசம் போட்டா, உச்சி வெயில் வர்றதுக்குள்ள முதல் காய் பறிச்சிடலாம். செம்மண், மட்கின தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், இந்த மூணும் போதும். நாங்க வேற எதுவும் பெருசா செய்யலை. பங்குனிக்கு மேல நிழல்வலை கட்டாயம், இல்லைன்னா மாடிச் சூட்டுல பை மண்ணே வெந்துடும்.

3/
பறிக்கற நேரம் காலையில ஆறரை. வெண்டைக்காய் நுனியை ஒடிச்சா டக்குன்னு சத்தம் வரணும். வளைஞ்சா அது முத்தல். கடையில நுனியை ஒடிச்சுப் பார்த்தா கடைக்காரர் மொறைப்பார், இங்க எல்லாத்தையும் ஒடிச்சுக்கலாம். கீரை பறிச்ச பத்து நிமிஷத்துல கழுவி அரிஞ்சு சட்டியில. கீரையில இருக்கற விட்டமின் சி பறிச்ச நேரத்துல இருந்தே குறைய ஆரம்பிக்கும், வெயில்ல இன்னும் வேகமா. அந்த வகையில மாடித் தோட்டத்துக்குக் கொஞ்சம் லாபம் உண்டு.

4/
ஆனா நான் பார்க்கற பெரிய லாபம் வேற. உலக சுகாதார நிறுவனம் காய், பழம் ரெண்டும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைஞ்சது 400 கிராம் சாப்பிடச் சொல்லுது. ஓ.பி.யில "நேத்து என்ன காய் சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டா, "சாம்பார்ல ரெண்டு துண்டு முருங்கக்கா இருந்துதுங்க"ம்பாங்க. தோட்டம் வெச்சவங்க வீட்டுல அந்தப் பதில் மாறிடுது. செடியில காய் முத்திட்டு நிக்கும்போது மனசு கேக்காது, பறிச்சுச் சமைச்சே ஆகணும். தட்டுல காய் ஏறறதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியலை.

5/
எங்க வீட்டுல இந்த வாரச் சமையல்: அரைக்கீரை கடைசல், கத்தரிக்காய் வதக்கல், பாசிப்பருப்பு போட்டு சுரைக்காய்க் கூட்டு, ஞாயித்துக்கிழமை அரிசியும்பருப்புச் சோறு. ரெண்டு குறிப்பு. கீரையில கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ சேருங்க, அதுல இருக்கற கரோட்டின் உடம்புல சேர கொழுப்பு வேணும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கிட்டா இரும்புச்சத்து நல்லா உறிஞ்சும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அந்த இரும்புச்சத்துல பாதி வேலை கெட்டுப்போகும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்க.

6/
பூவுக்கு வர்றேன். கார்த்திகையில கவாத்து பண்ணின குண்டுமல்லி பங்குனியில இருந்து கொட்டுது. சாயங்காலம் மொட்டைப் பறிச்சுத் தொடுத்து வெச்சா, ராத்திரி எட்டு மணிக்கு வீடே மணக்கும். சித்திரை ஒண்ணாந்தேதி கனி காணறது நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் பழக்கம். கண்ணாடி, பழம், நகை, வெத்தலை பாக்கோட இந்த வருஷத் தட்டுல நம்ம மாடி வெள்ளரியும் மல்லியும் இருக்கும்.

7/
சுரைப்பூவைப் பார்த்திருக்கீங்களா? வெள்ளையா, சாயங்காலம்தான் விரியும். ராத்திரி பறக்கற அந்துப்பூச்சிக்காகப் பூக்கற பூ. ஊருக்குள்ள மாடியில பூச்சி வரத்து கம்மி. அதனால பொழுது சாயறப்ப ஆண் பூவைப் பறிச்சு, பின்னாடி குட்டிக் காய் இருக்கற பெண் பூவுல லேசாத் தொட்டுவிடுங்க. அந்தக் குட்டிக் காய் நாலஞ்சு நாள்ல விரல் நீளம், அப்புறம் முழங்கை நீளம். இவ்வளவு பக்கத்துல இருந்து வளர்த்த காய் மேல ஒரு பாசம் வந்துடும். நான் சொல்ல வந்த பிரச்சினையே அந்தப் பாசம்தான்.

8/
சில வருஷம் முன்னாடி ஒரு பெரியவர். அடையாளம் தெரியாத மாதிரி விவரத்தை மாத்திச் சொல்றேன். சக்கரை வியாதிக்காரர். வீட்டுப் பந்தல்ல காய்ச்ச சுரைக்காயை அரைச்சு, காலையில வெறும் வயித்துல ஒரு பெரிய டம்ளர் குடிச்சார். கசந்திருக்கு. "கசப்பு சக்கரைக்கு நல்லதுதானே"ன்னு மிச்சம் வைக்காமக் குடிச்சிருக்கார். ஒரு மணி நேரத்துல வயித்து வலி, வாந்தி, பேதி. அப்புறம் வாந்தியில ரத்தம். கொண்டு வந்தப்ப பி.பி. ரொம்பக் கீழ.

9/
ஐ.சி.யூ.வுல மூணு நாள் இருந்து பிழைச்சு வந்தார். தெளிஞ்சதும் அவர் என்கிட்ட கேட்டது இன்னும் மறக்கலை. "நானே வெதை போட்டு, நானே தண்ணி ஊத்தி வளத்ததுங்க டாக்டர். ஒரு சொட்டு மருந்துகூட அடிக்கலீங்க. அது எப்புடீங்க நம்மளையே கெடுக்கும்?"
நியாயமான கேள்வி. பதில் சொல்றேன்.

10/
சுரை, வெள்ளரி, பூசணி, பீர்க்கன், புடலை எல்லாம் ஒரே குடும்பம். பூச்சி, ஆடு மாடு தின்னாம இருக்கறதுக்கு இந்தச் செடிங்க குக்கர்பிட்டாசின்னு ஒரு கசப்புப் பொருளைத் தயார் பண்ணும். தலைமுறை தலைமுறையா மனுஷன் கசக்காத காயோட விதையாப் பார்த்து எடுத்து வெச்சதாலதான் இன்னைக்கு சுரைக்காய் இனிப்பா இருக்கு. ஆனா பழைய குணம் முழுசாப் போகலை. கடும் வெயில், தண்ணிப் பத்தாக்குறை, காய் முத்திப்போறது, காட்டு ரகத்தோட மகரந்தம் கலந்த விதை, இதுல எது நடந்தாலும் கசப்பு திரும்பி வரலாம். பூச்சிமருந்து அடிச்சோமா இல்லையாங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

11/
கோடையில மாடித் தோட்டத்தை நினைச்சுப் பாருங்க. சூடு ஏறற பை, ரெண்டு நாள் ஊருக்குப் போனதுல வாடின கொடி, போன வருஷக் காய்ல இருந்து எடுத்து வெச்ச விதை. கசக்கறதுக்கு வேண்டிய எல்லாமே அங்க இருக்கு. ஒரே கொடியில ஒரு காய் இனிக்கலாம், அடுத்தது கசக்கலாம். வெளிய பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேகவெச்சாலும் அந்த விஷம் போகாது. இதுக்குன்னு தனியா முறிமருந்தும் கிடையாது. குளுக்கோஸ் ஏத்தி, ரத்தப்போக்கை நிறுத்தி, பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கறதுதான் வைத்தியம்.

12/
இது எங்கயோ ஒண்ணு நடந்த கதை இல்லை. 2010ல டெல்லியில ஒரு விஞ்ஞானி சுரைக்காயும் பாகற்காயும் சேர்த்து அரைச்ச ஜூஸ் குடிச்சு இறந்துபோனார். அதுக்கப்புறம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஒரு நிபுணர் குழு போட்டு ஆராய்ஞ்சுது. 2015ல ஜெர்மனியில ஹைடன்ஹைம்ங்கற ஊர்ல 79 வயசுப் பெரியவர் ஒருத்தர் இறந்தார். அவர் சாப்பிட்டது ஸுக்கினி, நம்ம சுரைக்காய்க்குச் சொந்தக்காரன். கடையில வாங்கினது இல்லை, தெரிஞ்சவங்க தோட்டத்துல விளைஞ்சது. கசக்குதுன்னு தெரிஞ்சும் சாப்பிட்டிருக்காங்க.

13/
பொரியல்ல கசந்தா முதல் வாயிலேயே துப்பிடுவோம். ஜூஸ்ல அப்படி இல்லை. இஞ்சி, நெல்லி, புதினா, எலுமிச்சைன்னு கலந்தா கசப்பு மறைஞ்சுடும், ஒரே மூச்சுல ஒரு டம்ளர் உள்ள போயிடும். பாகற்காயோட சேர்த்தா எந்தக் கசப்பு எதோடதுன்னே தெரியாது. "ஏனுங்க டாக்டர், பாவக்காயும் கசப்புத்தானுங்களே?"ன்னு கேப்பீங்க. பாகற்காய்க்குக் கசப்பு பிறவிக் குணம், நாம காலங்காலமா அளவாச் சாப்பிட்டுப் பழகினது. சுரைக்காய்ல கசப்பு வந்தா அந்தக் காய்ல கோளாறுன்னு அர்த்தம்.

14/
அதனால செய்ய வேண்டியது இவ்வளவுதான்.
சுரைக்காய், வெள்ளரி, பீர்க்கன், எதுவானாலும் அரிஞ்சதும் காம்புப் பக்கம் ஒரு சின்னத் துண்டு, நடுவுல ஒரு சின்னத் துண்டு நாக்குல வெச்சுப் பாருங்க. கசந்தா துப்பிட்டு வாயைக் கொப்பளிங்க.
அந்தக் காயை முழுசா உரக்குழியில போடுங்க. கசக்கற பக்கத்தை மட்டும் வெட்டிட்டுச் சமைக்காதீங்க. அதுல இருந்து விதையும் எடுக்காதீங்க.
சுரைக்காய் ஜூஸ் பழக்கத்தையே விட்டுடுங்க. கூட்டாவோ பொரியலாவோ சாப்பிட்டா நார்ச்சத்தும் கிடைக்கும்.
கசப்பா எதையோ குடிச்சுட்டு வாந்தி, வயித்து வலின்னா வீட்டுல காத்திருக்காதீங்க. 108. என்ன சாப்பிட்டீங்கன்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்க, மிச்சம் இருந்தா எடுத்துட்டு வாங்க.

15/
பூச்செடிக்கும் இதே எச்சரிக்கைதான். செங்காந்தள் நம்ம மாநில மலர். தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்குன்னு விதைக்காகவே ஏக்கர் கணக்குல பயிர் பண்றாங்க. கீல்வாதத்துக்குக் கொடுக்கற கால்ச்சிசின் அந்தச் செடியில இருக்கற பொருள்தான். அதே கால்ச்சிசின்தான் விஷமும். கிழங்கைச் சக்கரைவள்ளின்னு நினைச்சுச் சாப்பிட்டு இறந்தவங்க உண்டு. முதல்ல சாதாரண வாந்தி பேதி மாதிரிதான் இருக்கும். ரெண்டு மூணு நாள்ல சிறுநீரகம், எலும்பு மஜ்ஜைன்னு ஒவ்வொண்ணா அடி வாங்கும். அழகுக்கு வைக்கலாம், கிழங்கு நடற இடத்துலயும் குழந்தைங்க விளையாடற இடத்துலயும் வேண்டாம்.

16/
அரளியும் அப்படித்தான். இலை, பூ, விதை எல்லாத்துலயும் இதயத் துடிப்பைக் குழப்பற பொருள் இருக்கு. 2024 மே மாசம் கேரளாவுல தேவஸ்வம் போர்டுகள் பிரசாதத்துலயும் நைவேத்தியத்துலயும் அரளி சேர்க்கறதை நிறுத்தினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பூஜைக்கு வேணும்னா வேலியோரமா வளர்க்கலாம். அரளி பறிச்ச கையோட கீரை பறிக்கப் போகாதீங்க, கையைக் கழுவிட்டுப் போங்க. பேரன் பேத்தி வர்ற லீவு இது, எது சாப்பிடற செடி, எது தொடக் கூடாத செடின்னு முதல் நாளே கூட்டிட்டுப் போய்க் காட்டிடுங்க.

17/
மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஒரு வரி. இதய வால்வு மாத்தி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க கீரையை நிறுத்த வேண்டாம், ஆனா வாரா வாரம் ஒரே அளவா வெச்சுக்கங்க. விளைஞ்சு கிடக்குதேன்னு ஒரே வாரத்துல ஏழு நாளும் சாப்பிட்டா மாத்திரையோட வேலை குறையும். சிறுநீரகப் பிரச்சினை இருக்கறவங்க கீரை, தக்காளி அளவை உங்க டாக்டர்கிட்டக் கேட்டுக்கங்க. தோட்டத்துக் காய் சாப்பிடறோம்னு சக்கரை மாத்திரையை யாரும் நிறுத்தாதீங்க. வேலை செய்யறதும் காலை எட்டு மணிக்குள்ள, இல்லைன்னா சாயங்காலம் அஞ்சுக்கு மேல.

18/
அந்தப் பெரியவர் கேட்டதுக்கு அன்னைக்கு நான் சொன்ன பதில்: "செடிக்கு நீங்க வளர்த்தது தெரியாதுங்க ஐயா. வெயில் அடிச்சா அது தன்னைக் காப்பாத்திக்கப் பார்க்கும்." அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப எங்க அமுச்சி வெள்ளரிக்காய அரியறப்பெல்லாம் நுனிய அறுத்து நாக்குல வெச்சுப் பாப்பாங்க, அது இதுக்குத்தானுங்களா?"ன்னு கேட்டார். இதுக்குத்தான். அவர் இப்பவும் சுரை போடறார். காய் கொண்டு வந்து கொடுக்கும்போது, "நாக்குல வெச்சுப் பாத்துட்டுச் சமைக்கச் சொல்லுங்க"ன்னு எனக்கே சொல்லிட்டுப் போறார்.

19/
காம்பவுண்டு சுவர் தாண்டி பக்கத்து வீட்டுக்குக் காய் கொடுக்கற காலம் இது. கொடுக்கும்போது இந்த ஒரு வரியையும் சேர்த்துக் கொடுங்க. உங்க மாடியில இந்த வாரம் என்ன காய்ச்சுதுன்னு கீழ எழுதுங்க, படம் இருந்தாப் போடுங்க. பீர்க்கன் பிஞ்சுலயே வெம்பி விழறதுக்கு யார்கிட்டயாவது நல்ல யோசனை இருந்தா அதையும் சொல்லுங்க, எங்க வீட்டுல நாலு விழுந்தாச்சு.