நீக்கச் சொன்ன நான்கு வரிகள்

கவியரங்கம் என்றால் காரைக்குடிப் பக்கத்தில் கூட்டத்திற்குக் குறைவிராது. பட்டிமன்றமாயின் சிரித்திட வருவர்; இசையரங்கமாயின் தலையசைத்திட வருவர்; கவியரங்கத்திற்கோ கைதட்டுவதற்கென்றே வருகின்றனர். நல்ல வரி ஒன்று விழுந்துவிட்டால் போதும், பின்வரிசையிலிருந்து "மீண்டும்! மீண்டும்!" என்ற குரல் எழும். கவிஞர் ஒரு வாய் தண்ணீர் அருந்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அதே வரியை முன்னினும் நிறுத்திப் படிப்பார். தாளில் கிடந்த கவிதை எழுந்து ஊருக்குள் நடக்கத் தொடங்குவது அந்த நொடியில்தான். நாங்கள், ஒரே பள்ளியில் பணியாற்றும் இளைய ஆசிரியர் மூவர், அந்த நொடியின் சுவைக்காகவே தேவகோட்டைக்கும் திருப்பத்தூருக்கும் கடைசிப் பேருந்தை நம்பிச் சென்று, அதைத் தவறவிட்டு, பேருந்து நிலையத் திண்ணையில் விடியும்வரை அரங்கின் வரிகளை அசைபோட்டவர்கள். எனவே இந்த அரங்குகளை வெறுத்து எழுதும் கட்டுரை அன்று இது.

இந்த மண்ணுக்குக் கவிதை புதிதன்று. 1919இல் பாரதியார் இங்கு வந்து தங்கினார். 1917இல் தோன்றிய இந்து மதாபிமான சங்கத்தார் அவரை வரவேற்றுப் போற்றினர். பெயரில் மதம் இருந்ததே என்று நம் தோழர்கள் முகம் சுளித்திடலாம். ஆயினும் அதே காரைக்குடியிலிருந்துதான், 1936இல் 'மாதர் மறுமணம்' என்ற ஏடு வெளிவந்தது. கைம்பெண் மறுமணத்தைப் பேசுவதற்கென்றே ஓர் ஏடு! சொ. முருகப்பாவும் மரகதவல்லியாரும் எழுத்தில் மட்டுமன்று, தம் வாழ்விலும் அதைச் செய்து காட்டியவர்கள். மூன்றாண்டுகள் கழித்து, 1939இல், சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பழமையும் புதுமையும் இங்கே அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தன. சில வேளை ஒரே வீட்டின் முகப்பிலும் வளவிலுமாகக் குடியிருந்தன.

கம்பன் கழகம் என்றதும் 1943ஆம் ஆண்டு நினைவிற்கு வாராமற் போகாது. சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையையும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரையும் எதிர்த்து, அறிஞர் அண்ணா கம்பராமாயணம் குறித்துச் சொற்போர் நிகழ்த்திய ஆண்டு அது. அந்தச் சொற்போரின் பக்கம்தான் எங்கள் மனமும் நிற்கிறது. எனினும் ஒன்றை மறைக்காமற் கூறிட வேண்டும். கம்பன் மேடையில் பொதுவுடைமையர் ஜீவா பேசினார், நீதிபதி மு.மு. இஸ்மாயில் பேசினார். மாற்றுக் கருத்தினரை அழைத்து அமர்த்திக் காது கொடுத்த மேடை அது. நம்மவர் மேடைகளெல்லாம் அவ்வாறு காது கொடுத்தனவா என்று எங்களைக் கேட்டால், இன்று சற்றுத் தயங்கியே விடை கூறுவோம். அந்தத் தயக்கத்தின் கதைதான் இது.

கவியரங்கம் நடைபெறும் முறையை அறியாதார்க்கு ஒரு சொல். பொதுத் தலைப்பு ஒன்று இருக்கும். அதன் கிளைகளாகத் தனித் தலைப்புகளைப் பகிர்ந்தளிப்பர். அரங்கத் தலைவர் ஒவ்வொரு கவிஞரையும் பாட்டாலேயே அழைப்பார். அழைக்கப்பட்டவர் தலைவரையும் அவையையும் பாட்டாலேயே வணங்குவார். அதன்பிறகே பொருளுக்கு வருவார். வணக்கம் நான்கு வரியாக இருந்தவரை அது நாகரிகம். இன்று வணக்கம் பத்து நிமிடம், பொருள் ஐந்து நிமிடம். வள்ளல் வாழ்க, வள்ளலின் மகன் வாழ்க, ஒலிபெருக்கி தந்தவர் வாழ்க! பொன்னாடை போர்த்துவதற்குச் செலவாகும் நேரத்தில் இன்னும் இரண்டு கவிஞர்கள் படித்துவிடலாம். போகட்டும், இது சிறு குறை.

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்து மன்றத்தார் ஒருவர், தொழிலைப் போற்றி ஒரு கவியரங்கம் அமைத்தனர். ஏர், தறி, உளி, ஆத்தங்குடித் தரைக்கல், கயிறு என்று ஐந்து தலைப்புகள். ஐந்தாவது தலைப்பை மாணவர் ஒருவருக்குத் தருவதாகக் கூறி, எங்கள் பள்ளியில் யாரேனும் உண்டா என்று கேட்டனர். எங்களுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். தாயார் சிங்கம்புணரியில் கயிறு திரிப்பவர். பெண் இங்கே மாணவியர் விடுதியில் தங்கிப் படிப்பவள். கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவள் எழுதி வைத்திருந்தவற்றை நாங்கள் முன்பே கண்டிருந்தோம்.

எழுதி வந்தாள், இருபத்து நான்கு வரிகள். யாப்பு ஓரிடத்தில் தட்டியது, திருத்தினோம். மட்டையை ஊறவைத்து, அடித்து, நார் பிரித்து, திரித்து, முறுக்கேற்றும் கையைப் பற்றி இருபது வரி. பிறகு நான்கு வரி. அவற்றின் பொருளை மட்டும் உரைநடையில் தருகிறோம்: வடத்தைத் திரித்தது என் தாயின் கை, அந்த வடம் தேரில் பூட்டப்பட்டபின் அதே கை அதைத் தொடலாகாது என்கிறீர்கள், எந்த முறுக்கில் அதன்மேல் தீட்டு ஏறிற்று?

தேர் என்றதும் இந்த மாவட்டத்தார்க்குக் கண்டதேவி நினைவுக்கு வரும். தேவகோட்டையை அடுத்த ஊர். அங்குள்ள கோயில் தேரின் வடத்தை ஒடுக்கப்பட்ட மக்களும் பிடிக்கலாமா என்ற வழக்கு 1998இல் உயர்நீதிமன்றம் ஏறிற்று; எல்லாரும் பிடிக்கலாம் என்று தீர்ப்பும் வந்தது. தீர்ப்பு வந்தபின்னும் பூசல் தீர்ந்தபாடில்லை. தேர் நகராமல் நின்ற ஆண்டுகள் பல. 2024 ஜூனில் காவலர் திரளாகச் சூழ்ந்து நிற்க மீண்டும் ஓடியது. தேர் ஓடினால் என்ன, நின்றால் என்ன என்று கேட்கும் பகுத்தறிவாளர் நாம். உண்மைதான், தேரில் நமக்கு வேலையில்லை. வைக்கத்தில் 1924இல் பெரியார் சிறை புகுந்ததும் கோயிலுக்குள் இருந்ததைக் கும்பிடுவதற்காக அன்று. கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் மனிதன் நடப்பதற்காக. 'நீ தொடாதே' என்று ஒருவனைப் பார்த்து இன்னொருவன் கூறும்போது, தொடப்படும் பொருள் தேராயினும் தேநீர்க் குவளையாயினும் நம் பக்கம் ஒன்றுதான்.

இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். மேடையில் பேசச் சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவோம்.

அரங்கிற்கு இரண்டு நாள் முன்பு அமைப்பாளர் எங்களைத் தேடி வந்தார். பெரியவர், கறுப்புச் சட்டை அணிந்த காலமும் அவருக்கு உண்டு. "வாத்தியாரய்யா, பிள்ள நல்லா எழுதியிருக்கு. கடைசியில வர்ற நாலு வரி மட்டும் வேண்டாமே. ஊரு இப்பத்தான் அடங்கியிருக்கு. நன்கொடை குடுக்கிறவகளும் முன்வரிசையில இருப்பாக" என்றார். அவர் அதட்டவில்லை, கெஞ்சினார். கெஞ்சுபவரிடம் மறுத்துரைப்பது கடினம் என்று அன்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

மூவரும் கூடிப் பேசினோம். முதல் மேடை, கலகலத்துப் போய்விடக்கூடாது என்றார் ஒருவர். தேர்வு ஆண்டு, வீண் வம்பு எதற்கு என்றார் இன்னொருவர். விடுதியில் தனியே இருக்கும் பெண், யாரேனும் ஏதேனும் சொல்லிவிட்டால் என்றார் மூன்றாமவர். எல்லாம் அவள் நலம் கருதிய சொற்களே! எங்கள் வேலை, எங்கள் ஊர்மாற்றம், எங்களுக்கு வரவேண்டிய அடுத்த மேடை ஆகிய எதைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. மூவர் மனத்திலும் அவையே இருந்தன.

அவளை அழைத்துச் சொன்னோம். "சரிங்கய்யா" என்றாள். வேறொன்றும் கூறவில்லை. அரங்கில் இருபது வரிகளையும் தடுமாறாமல் படித்தாள். தாயின் கைக்குக் கூட்டம் ஆர்ப்பரித்தது. இரண்டு இடங்களில் "மீண்டும்" கேட்டது. தலைவர் அவளை வருங்கால ஔவை என்றார். பொன்னாடையும் கிடைத்தது. கயிறு என்ற தலைப்பில் ஒருவர் மனமும் நோகாத ஒரு கவிதை!

அடுத்த மாதம் இலக்கிய மன்றப் போட்டிக்கு அவள் பெயர் தரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. காரணம் கேட்டோம். "கோபம் இல்லைங்கய்யா. அந்த நாலு வரிக்காகத்தான் மத்த இருபது வரியையும் எழுதினேன்" என்றாள். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டாள்.

இதே காரைக்குடியில் மீனாட்சி சுந்தரேசுவரர் உயர்நிலைப் பள்ளியில் 1949 முதல் 1978 வரை தமிழாசிரியராக இருந்தவர் கவிஞர் முடியரசன். பெரியகுளத்தில் பிறந்த துரைராசு, இங்கு வந்து இந்த ஊராராகவே ஆகிப்போனார். 1947இல் புதுக்கோட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'பொன்னி', பாரதிதாசன் பரம்பரை என்று இளங்கவிஞர்களை வரிசைப்படுத்தி அறிமுகம் செய்தபோது அந்த வரிசையில் நின்றவர். அண்ணா அவரைத் 'திராவிட நாட்டின் வானம்பாடி' என்றழைத்தார். பறம்புமலையில் 1966இல் நடந்த விழாவில் குன்றக்குடி அடிகளார் 'கவியரசு' என்று சிறப்பித்தார். காவியுடுத்த துறவி, கடவுளைப் பாடாத கவிஞருக்குப் பட்டம் சூட்டிய காட்சியை எண்ணிப் பாருங்கள்! அவர் அரங்குகளில் படித்த பாக்கள் 'கவியரங்கில் முடியரசன்' என்ற பெயரில் 1960இலேயே நூலாயின.

இவையெல்லாம் நாங்கள் வகுப்பில் சொல்லித்தரும் செய்திகள். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடைகள். சொல்லித் தராத செய்தி ஒன்றும் உண்டு. அவர் சாதி மறுத்து மணந்தார். தம் மக்களுக்கும் சாதி மறுத்தே மணம் முடித்தார். 1998இல் மறைந்தபோது, அவர் விருப்பப்படியே சடங்குகள் நிகழவில்லை. அவரும் எங்களைப் போல் மாதச் சம்பளத்தில் அரிசி வாங்கியவர்தாம். அவருக்கும் நிர்வாகம் இருந்தது, வாடகை இருந்தது, பிள்ளைகளின் பள்ளிச் செலவு இருந்தது. காலம் வேறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எங்களுக்கு நாணமாக இருந்தது. காலம் வேறுதான், அவருடைய காலம் எங்களுடையதைவிட எளிதாக இருந்ததென்று யாரும் கூறக் கேட்டதில்லை.

பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனுக்கு ஊரில் மணிமண்டபம் இருக்கிறது. அரங்குகளில் அவரைப் பாடாத நாளில்லை. அவர் கழகத்தை விட்டதும் கடவுளிடம் சென்றதும் வேறு கணக்கு. முடியரசனைப் பாடுவோர் தொகை குறைவு. அவரைப் பாடத் தொடங்கினால் நம் வீட்டுத் திருமண அழைப்பிதழைப் பற்றியும் யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம் காரணமாக இருக்கலாம்.

இந்த ஆண்டு தைத் திங்களில் நாங்கள் தனியாக ஓர் அரங்கு தொடங்கினோம். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையைத் தந்தார். பொன்னாடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, வணக்கப் பாட்டுக்கு இரண்டே வரி. படிக்கப்போகும் கவிதையை முன்கூட்டி யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. அது ஒன்றே விதி. தேநீருக்குப் பொறுப்பேற்பதாகச் சொல்லியிருந்த கடைக்காரர் அந்த விதியைக் கேள்விப்பட்டதும் விலகிக்கொண்டார். முதல் மாதம் எங்களையும் சேர்த்துப் பதினொருவர். கவிதைகளில் பாதி சுமார், ஒன்று படுமோசம். நாங்கள் அந்த மாணவியிடம் நடந்ததற்கு வருந்துவதாகச் சொன்னோம். வா என்று வற்புறுத்தவில்லை.

மூன்றாம் மாதம் தாயாரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். இருபத்து நான்கு வரிகளையும் படித்தாள். கைதட்டுச் சிறிதாகத்தான் இருந்தது, கூடியிருந்தோரே இருபதுக்குள். ஒருவர் எழுந்து வெளியே போனார். பேருந்துக்கா, வேறெதற்கா என்று தெரியவில்லை. தாயார் மட்டும் கைதட்டவில்லை. மகளைப் பார்த்து, "ராட்டை சுத்துறவளா என்னைய எழுதியிருக்கியே. அது வேற ஆளுடி. நான் நாரை இடுப்புல கட்டிக்கிட்டுப் பின்னாலயே நடக்கிறவ. மாத்தி எழுது" என்றார்.

அவள் அங்கேயே திண்ணைத் தூணில் தாளை வைத்து அந்த வரியைத் திருத்தினாள். யாப்பு மறுபடி தட்டியது. நாங்கள் வாய் திறக்கவில்லை, அவளே சரிசெய்துகொண்டாள். அதற்குள் தேநீர் ஆறிப்போயிருந்தது. அந்தச் செலவை இப்போது மூவரும் பகிர்ந்துகொள்கிறோம்.