அவ்வையார் வேஷம் போட்ட பிள்ளை

இது நீளமான பதிவு. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கோபாலபுரத்தில் என் வீட்டிலிருந்து காலை நடைக்குக் கிளம்பினால் ஐந்தே நிமிடத்தில் அவ்வை சண்முகம் சாலை வந்துவிடும். என் வயதுக்காரர்களுக்கு அது இன்னமும் லாயிட்ஸ் ரோடுதான். நாடகக் கலைஞர் டி.கே.சண்முகம் அவ்வையாராக நடித்து, அந்த வேஷத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் வள்ளியும் பையன்தான், பவளக்கொடியும் பையன்தான். ஸ்திரீ பார்ட் நன்றாகப் போடுகிற பிள்ளைக்குத் தனி மவுசு. பெண் வேஷம் கட்டிப் பெயர் வாங்கிய ஒருவருக்குச் சாலை வைத்துக் கொண்டாடிய ஊர் நம் ஊர்.

இனி என் கதை. 1988 ஆண்டு விழாவில் நான் போட்ட அவ்வையார் நாடகம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். விலங்கியல் வாத்தியாருக்கு நாடகம் எதற்கு என்று தமிழய்யா கூடக் கேலி செய்தார். அவ்வையாராக வந்த பதினோராம் வகுப்புப் பிள்ளையை மறந்திருக்க மாட்டீர்கள். கூன் போட்டு, கோலை ஊன்றி மேடைக்கு வந்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மேடையேறிப் பத்து ரூபாய் குத்திவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அதே நடைக்கு வராந்தாவில் விசில் அடித்தார்கள். அடித்தவர்களை நான் கண்டிக்கவில்லை. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நடையை மாத்துடா, நாடகம் முடிஞ்சு போச்சு" என்றேன். அப்பா வந்து என்ன செய்வது என்று கேட்டபோது, "கொஞ்சம் கண்டிப்பா இருங்க" என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கண்டிப்பு எப்படி இருந்தது என்பதைப் போன வருடம்தான் தெரிந்துகொண்டேன். மூன்று மாதத்தில் பிள்ளை பள்ளிக்கு வருவது நின்றது. வீட்டை விட்டே போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள். நான் தேடவில்லை.

அந்தக் காலத்து இன்னொரு சம்பவமும் உண்டு. 1986-ல் நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூரில் சோதித்து, இந்தியாவிலும் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். பத்திரிகைகளில் எல்லாம் அதே பேச்சு. வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், எய்ட்ஸ்னா என்ன சார்?" என்றான். விலங்கியல் வாத்தியாரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பான்? "நமக்குத் தேவையில்லாத விஷயம், உட்காரு" என்றேன். கேட்டவன் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். மன்னித்துவிடப்பா. பின்னாளில் பாடப்புத்தகத்திலேயே வந்தபோதும் அந்தப் பக்கங்களை வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்னவன்தான் நான்.

போன வருடம் இந்த முகநூலில் ஒரு செய்தி வந்தது. "சார், நல்லா இருக்கீங்களா? நான்தான் உங்க அவ்வையார்." வேறொரு பெயர், சேலை கட்டிய படம். என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் அவளே போன் செய்தாள். (முதலில் "வாப்பா" என்றுதான் சொன்னேன். "வாம்மான்னு சொல்லுங்க சார், அது போதும்" என்றாள். பழகிக்கொண்டேன்.)

வீட்டை விட்டுப் போனவளை ஒரு திருநங்கை அம்மா மகளாக எடுத்துக்கொண்டார். ஜமாத்தில் அது முறைப்படி நடக்கிற தத்து. அந்த அம்மாவுக்கு வேறு மகள்களும் இருந்தார்கள். தொண்ணூறுகளில் அவர்களில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். "என்ன வியாதின்னே எங்களுக்குத் தெரியாது சார். யாரும் சொல்லித் தரல" என்றாள். அவள் என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது.

இப்போது அவள் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். போன சித்திரையில் என்னை விழுப்புரத்துக்கு அழைத்தாள். கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கைகள் பலர் அங்கே தங்குவார்கள். சித்ரா பௌர்ணமியை ஒட்டி அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து வெள்ளைச் சேலை உடுத்தும் சடங்கைப் பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தைய நாட்களில் விழுப்புரத்தில் மிஸ் கூவாகம் அழகிப்போட்டி, நடனம், நாடகம் என்று மேடை களைகட்டும். எச்.ஐ.வி. விழிப்புணர்வும் அதே மேடையில்தான்.

அழகிப்போட்டியின் நடுவே இருபது நிமிடம் அவள் நாடகம். வேஷம் கிழவி வேஷம், அதே கூன், அதே கோல்! ஒரு மகள் தன் மாத்திரைகளைப் பவுடர் டப்பாவில் ஒளித்து வைக்கிறாள். கிழவி அதை முகத்தில் பூசப் போய்க் கண்டுபிடிக்கிறாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு கிழவி கோலோடு மேடையை விட்டு இறங்கி, "நீ டெஸ்ட் எடுத்தியாடி? மாத்திரை போட்டியா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள். என்னிடமும் கேட்டாள். நாடகம் முடிந்ததும் வெளியே பரிசோதனை மேசை முன்னால் வரிசை நின்றது. நானும் போய் நின்றேன். எழுபத்தைந்து வயதில் இது எதற்கு என்று பக்கத்திலிருந்த பெண் கேட்டாள். வாத்தியாரம்மா கேட்டால் தட்ட முடியுமா என்றேன்.

இதை நியூயார்க்கில் இருக்கும் என் அண்ணன் பேத்தியிடம் சொன்னேன். "தாத்தா, இங்கயும் இதே மாதிரி இருக்கு" என்றாள். அங்கே கருப்பினத்தைச் சேர்ந்த தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு 'ஹவுஸ்' என்று குடும்பம் அமைத்துக்கொள்கிறார்கள். அதற்குத் தலைவி 'மதர்'. ஹார்லெமில் வளர்ந்த அவர்களுடைய ஆட்டப் போட்டிக்கு 'பால்' என்று பெயர். எச்.ஐ.வி. அந்த வீடுகளையும் சூறையாடியது. 'லேடெக்ஸ் பால்' என்று முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு விழா நடத்துகிறார்களாம், ஆட்டமும் உண்டு, ஆணுறையும் பரிசோதனையும் உண்டு. ஆல்வின் எய்லி என்ற மாபெரும் கருப்பினக் கலைஞர் 1989-ல் எய்ட்ஸால் இறந்தபோது, அம்மாவுக்கு அவப்பெயர் வரக்கூடாதென்று ரத்த நோய் என்றுதான் வெளியே சொன்னார்களாம். விழுப்புரத்து பவுடர் டப்பாதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

1988-ல் நடத்தாமல் விட்ட பாடத்தை இப்போதாவது நடத்திவிடுகிறேன். ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, கொசுக்கடியாலோ எச்.ஐ.வி. வராது. பாதுகாப்பற்ற உறவு, தொற்றுள்ள ரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தை, இவைதான் வழி. 2004-லிருந்து அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசம். தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். சந்தேகம் இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள். அவளுக்கு இருக்கிறதா என்று என்னிடம் கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

'திருநங்கை' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த கலைஞரின் வீடு இங்கே நாலாவது தெருவில்தான். அவர் ஆட்சியில் 2008-ல் திருநங்கைகளுக்கு நல வாரியமும் வந்தது. இத்தனைக்கும் பக்கத்தில் இருந்துகொண்டு என் வாயில் அந்தச் சொல் வர இத்தனை வருடமாகியிருக்கிறது.

இந்தப் பதிவை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். பெயர் வேண்டாம் என்றது அவள்தான். அடுத்த மாதம் நம் பழைய மாணவர் சந்திப்புக்கு அவளை அழைத்திருக்கிறேன். முதலில் தயங்கினாள். "விசில் அடிச்சவங்களும் வருவாங்களா சார்?" என்றாள். வருவார்கள் என்றேன். அப்படியானால் கோலோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பழைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடாதீர்கள், புதுப் பெயரை அவளே சொல்வாள். வாசலில் பரிசோதனை மேசை போடவும் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். முதல் ஆளாக நான் நிற்பேன். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும்.