தங்க பெஞ்ச்: சில குறிப்புகள்

இத்தாலியில் ஆண்டுதோறும் சிறந்த கால்பந்துப் பயிற்சியாளருக்கு ‘பங்கீனா தோரோ’ என்றொரு விருது தருகிறார்கள். தங்க பெஞ்ச். ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே கோச்சும் மாற்று ஆட்டக்காரர்களும் உட்கார்ந்திருக்கும் அதே பெஞ்ச்தான். முதல் பிரிவான சீரி ஆவுக்குத் தங்கம், இரண்டாம் பிரிவுக்கு வெள்ளி. மூன்றாம் பிரிவுக்கும் பெண்கள் லீகுக்கும் தனியே உண்டு. ஓட்டுப் போடுகிறவர்கள் சக பயிற்சியாளர்கள். போன ஞாயிற்றுக்கிழமை தன்னைத் தோற்கடித்தவனின் பெயரைச் சீட்டில் எழுத வேண்டிவரலாம். கால்பந்தில் எத்தனையோ விருதுகள் இருந்தும் இதன்மேல் எனக்குத் தனி மரியாதை வந்ததற்கு இந்த ஓட்டுமுறைதான் காரணம்.

*

விழா நடக்கும் இடம் கோவர்சியானோ. ஃபிளாரன்ஸ் நகரின் ஓரத்தில், இத்தாலியக் கால்பந்துச் சம்மேளனம் 1958-ல் திறந்த பயிற்சி மையம். தேசிய அணி முகாமிடுவதும் இங்கே, பயிற்சியாளர்கள் படித்துப் பட்டம் வாங்குவதும் இங்கே. உயர்நிலை உரிமம் வேண்டுமென்றால் கடைசியில் ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் விலக்கு கிடையாது. கார்லோ அன்செலோட்டி எழுதியது கால்பந்தின் எதிர்காலத்தைப் பற்றி, ஆட்டத்தில் இயக்கம் இன்னும் கூட வேண்டும் என்று. ஆந்த்ரேயா பிர்லோவை 2020-ல் யுவென்டஸ் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்த பிறகுதான் அவர் தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். படித்த இடத்துக்கே திரும்பி வந்து, கூடப் படித்தவர்கள் கையால் விருது வாங்குவது லேசான விஷயமில்லை.

*

எனக்கு மிகப் பிடித்த கதை மாஸ்ஸிமிலியானோ அல்லெக்ரியுடையது. 2008-ல் சார்டீனியா தீவின் காலியாரி கிளப்புக்கு வருகிறார். சீரி ஆவில் அவருக்கு அது முதல் வேலை. முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. கிளப் தலைவர் மாஸ்ஸிமோ செல்லீனோ கோச்சுகளை வீட்டுக்கு அனுப்புவதில் பேர்போனவர். அன்றைக்கு ஏனோ பொறுத்துக்கொண்டார். அணி மெல்ல எழுந்து சீசன் முடிவில் ஒன்பதாம் இடத்துக்கு வந்தது. அந்த ஆண்டு பட்டம் வென்றது ஜோஸே மொரீனியோவின் இன்டர். ஆனால் 2010 பிப்ரவரியில் தங்க பெஞ்ச் போனது ஒன்பதாம் இடத்துக்காரருக்கு.

ஒன்பதாம் இடத்துக்கு என்ன விருது என்று கேட்கலாம். ஐந்து தோல்விக்குப் பிறகு திங்கட்கிழமை காலை ஆட்டக்காரர்கள் முகத்தில் விழிப்பது எப்படி இருக்கும் என்று ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரியும். நட்சத்திரங்களை வாங்கக் காசில்லாத கிளப்பில் நடுக்களத்தை ஒழுங்குபடுத்துவது எவ்வளவு பெரிய வேலை என்பதும் தெரியும். புள்ளிப் பட்டியலில் இதெல்லாம் வராது.

விருது வாங்கிய இரண்டே மாதத்தில், ஏப்ரலில், காலியாரி அவரை நீக்கியது! கோடையில் ஏசி மிலன் கூப்பிட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டே லீக் பட்டம். முந்தின ஆண்டு விட்டுப்போன மொரீனியோவுக்கும் மறு ஆண்டு தங்க பெஞ்ச் கிடைத்தது. ஒரே சீசனில் லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் வென்றவரை யார் மறுக்க முடியும்? விருது அறிவித்தபோது அவர் ரியல் மாட்ரிட்டுக்குப் போயாகிவிட்டது.

*

இந்த விருதில் எனக்கிருக்கும் குறை இதுதான். முடிந்த சீசனுக்கான பரிசு, அடுத்த சீசன் பாதி ஓடிய பிறகு வருகிறது. இத்தாலியக் கிளப்புகளின் அவசரம் தெரிந்த யாரும் இவ்வளவு தாமதிக்க மாட்டார்கள். கோடையிலேயே கொடுத்துவிட்டால் என்ன?

*

மௌரீட்சியோ சார்ரி. நேப்பிள்ஸில் பிறந்து டஸ்கனியில் வளர்ந்தவர். வங்கி ஊழியர். பகலில் வங்கி, மாலையில் உள்ளூர் அணிகளுக்குப் பயிற்சி. 1990-ல் ஸ்தியா என்ற சிற்றூர் அணியில் தொடங்கினார். இத்தாலியக் கால்பந்தின் ஏணியில் அது ஏறக்குறைய அடிப்படி. பிறகு வங்கி வேலையை விட்டார். சன்சோவீனோ என்ற சிறிய கிளப்பில் இருந்தபோது ஃப்ரீ கிக், கார்னர் போன்ற நின்ற பந்துகளுக்கு மட்டும் முப்பத்து மூன்று திட்டங்கள் வைத்திருந்தாராம். ‘மிஸ்டர் 33’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கார்னர் கிக்கில் யார் முதல் கம்பத்துக்கு ஓடுவது, யார் காவல்காரனை மறித்து நிற்பது, பந்து திரும்பி வந்தால் யார் பெட்டிக்கு வெளியே காத்திருப்பது என்று ஒவ்வொன்றும் பயிற்சித் திடலில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது.

எம்போலியோடு சீரி ஆவுக்கு வந்தபோது வயது 55. அடுத்த ஆண்டு நாப்போலி. 2015-16-ல் அவர் அணியின் கொன்ஸாலோ இகுவாயின் 36 கோல் அடித்தார், சீரி ஆவில் ஒரு சீசனுக்கு அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. ஆனாலும் நாப்போலிக்கு இரண்டாம் இடந்தான். பட்டம் யுவென்டஸுக்கு, அங்கே கோச் அல்லெக்ரி. தங்க பெஞ்ச் சார்ரிக்கு. சிறிய அணியின் கோச்சாக அன்று ஓட்டு வாங்கிய அல்லெக்ரி, இப்போது பட்டம் வென்றும் ஓட்டு வாங்காதவர். இரண்டு முறையும் சக கோச்சுகள் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

*

கியேவோ, வெரோனா நகரின் ஒரு புறநகர்ப் பகுதி. இந்த அணி சீரி ஆவுக்கு வந்தால் கழுதை பறக்கும் என்று அதே ஊரின் பெரிய கிளப்பான ஹெல்லாஸின் ரசிகர்கள் கேலி செய்தார்கள். 2001-ல் வந்தது. லூயிஜி தெல்நேரியின் கீழ் இலையுதிர் காலத்தில் பட்டியலின் உச்சியில் இருந்தது, முடிவில் ஐந்தாம் இடம். தடுப்பாட்ட வரிசையைத் தைரியமாக மேலே ஏற்றி நிறுத்தி எதிரணியை ஆஃப்சைடில் சிக்கவைப்பதும், இரண்டு ஓரங்களிலும் அசராமல் ஓடவைப்பதும் அவர் பாணி. 2001-02-க்கான தங்க பெஞ்ச் அவருக்கு. கியேவோ கிளப் கடனில் மூழ்கி 2021-ல் தொழில்முறை லீகிலிருந்து வெளியேற்றப்பட்டதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை.

*

பெரிய கிளப் கோச்சுகளுக்கும் கிடைக்கிறது. அந்தோனியோ கொந்தே 2011-12 முதல் மூன்று ஆண்டு தொடர்ந்து வாங்கினார். முதலாவது முழுத் தகுதியோடு வந்தது: தொடர்ந்து இரண்டு முறை ஏழாம் இடத்தில் முடிந்த யுவென்டஸ், அவர் வந்த ஆண்டில் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை.

லூச்சானோ ஸ்பல்லெத்தி உடினேசேயை நான்காம் இடத்துக்கு ஏற்றியதற்காக 2004-05-ல் ஒன்று. 33 ஆண்டுகளுக்குப் பிறகு நாப்போலிக்குப் பட்டம் கொண்டுவந்ததற்காக 2022-23-ல் இன்னொன்று. நடுவே பதினெட்டு ஆண்டுகள்.

*

என்சோ பேர்சோத் பெயரிலும் 2011 முதல் ஒரு விருது உண்டு. 1982 உலகக் கோப்பையை வென்ற பயிற்சியாளர், வாயில் பைப் இல்லாமல் அவரைப் பார்ப்பது அரிது. கோப்பையோடு ஊர் திரும்பும் விமானத்தில் அவரும் குடியரசுத் தலைவர் பெர்த்தீனியும், ஆட்டக்காரர்கள் ஸோஃப், கவுசியோவும் சீட்டு ஆடுகிறார்கள், கோப்பை மேசைமேல். இத்தாலியர்கள் மறக்காத புகைப்படம். முதல் பேர்சோத் விருது, அப்போது தேசிய அணியை நடத்திக்கொண்டிருந்த சேஸரே பிராந்தெல்லிக்கு.

*

1999-ல் வித்தெர்பேசே என்ற மூன்றாம் பிரிவு ஆண்கள் கிளப் கரோலீனா மொராச்சேயைக் கோச்சாக வைத்தது. இத்தாலியில் தொழில்முறை ஆண்கள் அணிக்கு முதல் பெண் பயிற்சியாளர். தேசிய அணிக்காக நூறு கோலுக்கு மேல் அடித்தவர். இரண்டே லீக் ஆட்டம், விலகிவிட்டார். பெண்கள் அணிகளுக்கான தங்க பெஞ்சை வென்ற மிலேனா பெர்த்தோலீனி, 2019 உலகக் கோப்பையில் இத்தாலியைக் காலிறுதிவரை கொண்டுபோனார். சீரி ஆவில் ஓர் ஆண்கள் அணிக்குக்கூட இதுவரை பெண் தலைமைப் பயிற்சியாளர் இருந்ததில்லை. கோவர்சியானோ பெண்களுக்கும் அதே உரிமத்தைத்தான் தருகிறது. வேலை தர வேண்டியவர்கள் கிளப் முதலாளிகள். கேள்வியை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.