இந்தப் பலா யார் வைத்தது?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் சாயங்காலப் பேருந்தில் அந்த அக்காவோடு போனேன். வீடில்லாத மலைக்குடும்பங்களைத் தேடிப்போய், சாதிச் சான்று, பட்டா, வீடு என்று ஒவ்வொன்றாக வாங்கித் தரும் களப்பணியாளர் அவர். பொழுது சாய்ந்த பிறகுதான் ஆளைப் பார்க்கப் போவார். பகலில் போனால் கொட்டாயில் கோழிதான் இருக்கும்.

வீடற்றவர் என்றதும் நமக்குச் சென்னை நடைபாதை நினைவுக்கு வருகிறது. 2011 கணக்கெடுப்பு நாடு முழுக்க 17.7 லட்சம் பேரை அப்படி எண்ணியது. நாங்கள் ஏறிய இந்த ஜவ்வாது மலையில் ரோட்டோரம் யாரும் படுப்பதில்லை. அண்ணன் வீட்டுத் திண்ணை, அடுத்தவர் கொல்லையில் காவல் கொட்டாய், கர்நாடகக் காபித் தோட்டத்து லைன் வீடு என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். எண்ண வருகிறவர் கண்ணில் அவர்கள் படுவதே இல்லை.

அன்று பார்க்கப் போனது ஓர் ஆயாவை. தார்ப்பாய் போட்ட காவல் கொட்டாய். அக்கா தரையில் உட்கார்ந்து ஆட்டுக்குட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பையில் இருந்த நோட்டு வெளியே வரவில்லை. திரும்பும்போது காரணம் கேட்டேன். பேர் கேட்டு எழுதுகிற வெளியாள் என்றால், அட்வான்ஸ் கொடுத்து வேலைக்கு அழைத்துப் போகும் மேஸ்திரி, இல்லாவிட்டால் போலீஸ் என்றுதான் இங்கே நினைப்பார்களாம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் சுட்டதில் செத்த 20 பேரில் இந்த மலைக்காரர்களும் உண்டு. நோட்டைப் பார்த்தாலே கதவு சாத்துவதில் என்ன தப்பு?

மூன்றாம் முறை போனபோது ஆயாவே கூரை இடுக்கிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்தார். எலி கடித்த ரேஷன் கார்டு, மடிப்பில் கிழிந்த ஆதார் நகல். பிறகு, மண்சுவர் கரைந்து விழுந்துபோன தன் பழைய வீட்டு இடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். ஒரு மண்மேடு, பாதி புதைந்த ஆட்டுக்கல், பெரிய பலா மரம் ஒன்று. இடம் காட்டு எல்லைக்குள். 2006 வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்தால் உரிமை கேட்கலாம். தேதி போட்ட காகிதம் ஆயாவிடம் ஏது?

"ஆயா, இந்தப் பலா யாரு வச்சது?"

"எங்க வூட்டுக்காரருதான். சின்னவன் மடியில இருந்தான் அப்போ. அவன் மவன் இப்ப காலேஜு போறானே."

அப்போதுதான் நோட்டு வெளியே வந்தது. இந்த வேலையின் கைத்திறன் எது என்று எனக்கு அங்கே புரிந்தது. ஒரு கிழவியின் பிள்ளைப்பேறு, மரம், கல் எல்லாவற்றையும் கோத்து சர்க்காருக்குப் புரிகிற தேதியாக மாற்ற வேண்டும். பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம் என்று அந்தச் சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. அக்கா பக்கத்து ஊர்களில் நரைத்த தலைகளைத் தேடி அலைந்தார். கிராம சபை, கோட்டக் குழு, மாவட்டக் குழு என்று மனு நகர்ந்த மாதங்களில் அவர் மலை ஏறியதற்குக் கணக்கில்லை.

ஒருவழியாகப் பட்டா வந்தது. ஆனால் அது பாதிக் கிணறு தாண்டியதுதான். 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம். மணலும் கம்பியும் மலை ஏறும்போது வண்டிக்கூலியும் கூடவே ஏறுகிறது. பணமோ கட்டக் கட்டத்தான் தவணையாக வரும். முதல் செங்கல்லுக்குக் கையில் காசில்லாதவருக்கு இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். அக்கா ஒரு கொத்தனாரிடம் கடன் சொல்லி, ஆயாவின் பங்காளிகளை மண் சுமக்க வைத்தார்.

தை மாதம் போனபோது பேஸ்மட்டம் முடிந்திருந்தது. சுவர் இன்னும் எழும்பவில்லை. பேஸ்மட்டத்தின் மேல் ஒரு மூலையில் மூன்று கல்லைக் கூட்டி ஆயா சாமைக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"ஆயா, அடுப்ப கொஞ்சம் எடு. தவணைக்கு போட்டோ புடிக்கணும்."

ஆயா பானையை இறக்கி, கல்லை நகர்த்திச் சாம்பலைக் கூட்டினார். அக்கா நாலு பக்கமும் படம் எடுத்தார். நாங்கள் செருப்பு மாட்டுவதற்குள் மூன்று கல்லும் அதே மூலைக்கு வந்துவிட்டன.