ரெப்ரிமார் எழுதிய புத்தகங்கள்



எங்கட வீட்டு அலுமாரியைப் பார்க்கிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "என்ன சேர், மெஸ்ஸிட புத்தகம், ரொனால்டோட புத்தகம் ஒன்றையும் காணல்ல. எல்லாம் ரெப்ரிமார்ர புத்தகமா இருக்கு?"

உண்மைதான். உதைபந்தாட்ட மத்தியஸ்தர்கள் எழுதியதும் மத்தியஸ்தம் பற்றியதுமாகப் பதினொரு புத்தகம் சேர்ந்திருக்கிறது. நான்கு, மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் தூசி தட்டி எடுத்தவை. மற்றவை கட்டாரில் இருக்கிற மச்சான் லீவில் வரும்போது பேக்கில் கொண்டுவந்தவை. (சொக்லட் குறைந்துவிட்டதென்று வீட்டில் சண்டையும் நடந்தது.) எல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள். ஊரில் சுற்றுப்போட்டி தொடங்க முன்னர் இவற்றைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டுமென்று பட்டது. பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாடியவர்களின் புத்தகங்களையும் வாசித்திருக்கிறேன். வறுமை, கிழிந்த பந்து, உம்மாவின் கண்ணீர், கடைசியில் கிண்ணம். நல்லதுதான், ஆனால் இரண்டு வாசித்தால் மூன்றாவதை நாமே எழுதிவிடலாம். மத்தியஸ்தரின் புத்தகம் அப்படியில்லை. இருபது வருஷம் ஒழுங்காக விசில் ஊதியிருப்பார், அதை ஒருவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஒரு செக்கனில் நடந்த ஒன்றைத்தான் உலகம் பிடித்துக்கொண்டிருக்கும். அதை வாசிக்கத்தான் நாம் காசு கொடுக்கிறோம் என்று எழுதுகிறவருக்கும் தெரியும். அதனால் புத்தகம் கைக்கு வந்தவுடன் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். அதை அவர் எப்படி எழுதியிருக்கிறார் என்பதை வைத்துத்தான் மிச்சத்தை நம்புவதா இல்லையா என்று முடிவு செய்வேன்.

கிரஹாம் போல் என்ற இங்கிலாந்து மத்தியஸ்தரை எடுங்கள். 2006 உலகக் கிண்ணம், ஸ்டுட்கார்ட் நகரில் குரோஷியாவும் அவுஸ்திரேலியாவும். குரோஷியாவின் 3ஆம் இலக்க வீரர் சிமுனிச்சுக்கு இரண்டு மஞ்சள் அட்டை காட்டியும் வெளியே அனுப்பவில்லை. ஆட்டம் முடிந்து அவர் வாதாட வந்தபோது மூன்றாவது மஞ்சளையும் காட்டித்தான் சிவப்பை எடுத்தார். நடந்தது என்னவென்றால், இரண்டாவது அட்டையைக் குறிக்கும்போது 3 என்ற இலக்கத்தை அவுஸ்திரேலியாவின் பக்கத்தில் எழுதிவிட்டார். சிமுனிச் பிறந்ததே அவுஸ்திரேலியாவில். அவர் பேசிய ஆங்கிலமும் அந்த நாட்டு ஆங்கிலம். காதில் கருவி மாட்டிய உதவியாளர்களும் நான்காவது மத்தியஸ்தரும் இருந்தார்கள், ஒருவருக்கும் பிடிபடவில்லை. அடுத்த வருஷம் 'சீயிங் ரெட்' என்ற பெயரில் போலின் புத்தகம் வந்தது. மற்ற இடங்களில் கொஞ்சம் பெருமை பேசுகிறவர்தான். சில அத்தியாயங்களை நான் தாண்டிப் போய்விட்டேன். ஆனால் ஸ்டுட்கார்ட் பற்றி எழுதும்போது அந்தக் குரல் மாறிவிடுகிறது. அந்தப் பகுதிக்காகவே புத்தகம் அலுமாரியில் இருக்கிறது.

ஹோவர்ட் வெப்பின் 'த மேன் இன் த மிடில்' 2016இல் வந்தது. நான் யாருக்காவது ஒன்றை மட்டும் கொடுப்பதென்றால் இதைத்தான் கொடுப்பேன். தென் யோக்‌ஷயர் பொலிஸில் சார்ஜன்ட்டாக இருந்தவர். 2010 ஜூலை 11, ஜொஹன்னஸ்பேர்க்கில் ஸ்பெயினுக்கும் நெதர்லாந்துக்கும் நடந்த இறுதிப் போட்டியில் 14 மஞ்சள் அட்டை காட்டினார். 28ஆவது நிமிடத்தில் டி யொங் தன் பூட்ஸை அலொன்ஸோவின் நெஞ்சில் பதித்தார். உலகமே பார்த்தது. வெப் நின்ற இடத்திலிருந்து அது முழுதாகத் தெரியவில்லை. தெரியாததற்குச் சிவப்பு கொடுக்க முடியாது, அதனால் மஞ்சள். அது சிவப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார். இதே புத்தகத்தில்தான், சிறுவயதிலிருந்தே திரும்பத் திரும்ப ஒன்றைச் செய்யத் தூண்டும் மனநோயோடு தான் வாழ்ந்ததையும் முதன்முதலாக வெளியே சொன்னார். அத்தனை பெரிய உடம்பு, பொலிஸ்காரர், உலகக் கிண்ண இறுதி வரை போனவர். அவருக்குள் இப்படியொன்று இருந்ததென்று மைதானத்தில் ஏசியவர்களில் யாருக்குத் தெரியும்?

மொட்டைத் தலை, பெரிய கண்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த பியர்லூயிஜி கொலினாவின் புத்தகத்தில் அப்படிப் பெரிய பிழை ஒன்றும் கிடையாது. அதனால் எனக்கு அதில் சுவையும் கொஞ்சம் குறைவு. ஆனால் ஒரு விஷயத்துக்காக ஆசிரியர்கள் அதை வாசிக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னர் இரண்டு அணிகளும் எப்படி விளையாடும், யார் எந்தப் பக்கம் ஓடுவார் என்று அவர் பாடம் ஆயத்தம் செய்வது போல ஆயத்தம் செய்வார். 1999 சம்பியன்ஸ் லீக் இறுதியில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி பயர்ன் மியூனிக் வீரர்கள் நிலத்தில் விழுந்து கிடந்தபோது, எழும்பி விளையாடச் சொல்லிக் கைபிடித்துத் தூக்கியவரும் அவர்தான்.

ஆசிரியர்கள் என்றவுடன் இன்னொன்று. மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தவர் கென் அஸ்டன். அவர் ஒரு பாடசாலை அதிபர். 1966 உலகக் கிண்ணத்தில் மத்தியஸ்தர்களுக்குப் பொறுப்பாக இருந்தார். அதில் ஆர்ஜென்டீனத் தலைவர் ரத்தினை ஜேர்மன் மத்தியஸ்தர் வெளியே போகச் சொன்னார். இவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது, அவர் போகமாட்டேன் என்று நின்றார். வெம்ப்ளியிலிருந்து காரில் திரும்பும்போது வீதிச் சமிக்ஞை விளக்கு மாறுவதைப் பார்த்துத்தான் அஸ்டனுக்கு இந்த யோசனை வந்தது. 1970இல் மெக்ஸிகோவில் அட்டைகள் முதன்முதலாக வந்தன. 1950இல் பிரேசிலும் உருகுவேயும் மோதிய கடைசி ஆட்டத்துக்கு விசில் ஊதிய ஜோர்ஜ் ரீடரும் ஆசிரியர். 2018 இறுதிப் போட்டியின் பித்தானா உடற்கல்வி ஆசிரியர். வகுப்பில் நாற்பது பேருக்கு முன்னால் "சேர், அவன்தான் முதலில் அடிச்சான்" என்பதைத் தினமும் கேட்கிறவனுக்கு இந்த வேலை புதிதல்ல.

வாசிக்க ஆசைப்பட்டும் என் அலுமாரிக்கு வராதவர் துனீசியாவின் அலி பின் நாசிர். 1986இல் மரடோனா கையால் தட்டிய கோலைக் கொடுத்தவர் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். அவர் கையைக் காணவில்லை. உதவி மத்தியஸ்தரைப் பார்த்தார், அவர் கோல் என்பது போல நடுக்கோட்டை நோக்கிப் போனார். தன்னைவிட நல்ல இடத்தில் நிற்கும் சக மத்தியஸ்தரை நம்பு என்பதே அன்றைய அறிவுறுத்தல். ஆனால் நான்கு நிமிடம் கழித்து மரடோனா பாதி மைதானத்தை வெட்டிக் கடந்தபோது, இங்கிலாந்துக்காரர்கள் அவரை விழுத்தப் பார்த்தும் விசில் ஊதாமல் ஓடவிட்டவரும் இதே மனிதர்தான். ஊதியிருந்தால் அந்த இரண்டாவது கோலே இல்லை. 2015இல் மரடோனா துனீசியாவுக்குப் போய் அவரைக் கண்டு, ஜேர்ஸியில் கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

இனி நம்ம ஊர்.

போன பெருநாள் சுற்றுப்போட்டியில் ஒரு பொடியன் கொடி பிடித்தான். என்னிடம் படித்தவன், தானாக விரும்பி மத்தியஸ்தர் வகுப்புக்குப் போய்ப் பரீட்சையும் எழுதியவன். ஓப்சைட் என்று கொடியைத் தூக்கினான். ஆட்கள் உள்ளே இறங்கி, கொலரைப் பிடித்து, உம்மாவை இழுத்து ஏசி... மிச்சத்தை எழுத விரும்பவில்லை. அன்றிரவே அந்த வீடியோ மெதுவாக ஓடவிட்டு ஃபேஸ்புக்கில் வந்தது. அவனுடைய தங்கச்சியும் பார்த்திருக்கிறாள். "இனி நான் பிடிக்கல்ல சேர்" என்றான்.

அவன் சொன்னது சரியா என்று என்னிடம் பலர் கேட்டார்கள். நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து ஓப்சைட் தெரியாது. சத்தம் போட்டவர்களில் பாதிப் பேரும் என்னோடுதான் நின்றார்கள். சட்டப்படி பார்க்க வேண்டியது, பந்து உதைக்கப்படும் கணத்தில் ஆள் எங்கே நின்றார் என்பதை. பந்து அவரிடம் வந்து சேரும்போது அல்ல. கொடி பிடிக்கிறவர் முப்பது மீற்றர் இடைவெளியில் இரண்டு இடங்களை ஒரே கணத்தில் பார்க்க வேண்டும். வீடியோவோ பந்து வந்து சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

கோபத்தில் இருக்கும்போது காழி தீர்ப்புச் சொல்லக் கூடாதென்று மத்ரஸாவில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஐந்நூறு பேர் கோபத்தோடு கழுத்தைப் பிடிக்கும்போது இருபது வயதுப் பிள்ளையிடம் என்ன தீர்ப்பை எதிர்பார்க்கிறோம்? இப்போது வெளியூரிலிருந்து மத்தியஸ்தர்களை எடுப்பதாகக் கேள்வி. போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகிற காசில் ஊர்ப் பொடியன்கள் பத்துப் பேரைப் பயிற்றுவித்திருக்கலாம்.

சுற்றுப்போட்டிக் குழுவிலிருக்கிற சகோதரர்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள், கயிற்றைத் தாண்டி ஆதரவாளர் எவர் வந்தாலும் அந்தக் கழகத்துக்கு என்ன தண்டனை என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்னரே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அடுத்தது, மத்தியஸ்தரிடம் அணித் தலைவர் மட்டும்தான் பேசலாம் என்று வையுங்கள். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் அப்படித்தான் நடந்தது, பெரிய பெரிய வீரர்களே விலகி நின்றார்கள்.

புத்தகம் வேண்டுமென்றால் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாங்க. வெப்பின் புத்தகம் மட்டும் இப்போது இல்லை. மூன்று கிழமைக்கு முன்னர் அந்தப் பொடியன் வந்து எடுத்துப் போனான். ஆங்கிலம் கஷ்டமா இருக்கு சேர் என்றான், அகராதியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். நேற்றுக் கடைத்தெருவில் கண்டபோது 120ஆவது பக்கத்தில் நிற்பதாகச் சொன்னான்.