நௌம்பர்க் பேராலயத்தில் ஒரு புன்னகை

ஜெர்மனியில் சாலே ஆற்றை அடுத்துள்ள சிறு நகரம் நௌம்பர்க். அங்குள்ள புனித இராயப்பர், சின்னப்பர் பேராலயத்தின் மேற்குப் பீடப்பகுதிக்குள் செல்ல விரும்புவோர், சிலுவையில் தொங்கும் இயேசுவின் விரித்த கரங்களின் கீழாகவே நடந்து செல்லவேண்டும். ஒருபுறம் தேவமாதா, மறுபுறம் அருளப்பர். இருவர் முகத்திலும் தாங்கொணாத் துயரம். அதைக் கடந்து உள்ளே சென்றால், அங்கே ஒரு பெண் வாய்விட்டுச் சிரிப்பவள் போல் நிற்கிறாள்!

அவள் பெயர் ரெக்லிந்திஸ். போலந்து மன்னர் பொலெஸ்லாவின் மகள். அருகில் அவள் கணவர் ஹெர்மன், எதையோ பறிகொடுத்தவர் போல் வாடியிருக்கிறார். எதிரே அவருடைய தம்பி எக்கஹார்ட் வாளைப் பற்றி நிற்க, அவர் மனைவி ஊத்தா மேலாடையின் கழுத்துப்பட்டையைக் கன்னம்வரை உயர்த்திப் பிடித்துத் தொலைவை நோக்குகிறாள். ஆளுயரச் சிலைகள் மொத்தம் 12. இவர்கள் புனிதர்கள் அல்லர். ஆலயத்தின் பழைய உபகாரிகள். ஏழு கிராமங்களைத் தந்தவர் என்று திமோ என்பவரின் கேடயம் கூறுகிறது. தித்மாரின் கேடயமோ, அவர் கொலையுண்டவர் என்கிறது.

ரெக்லிந்திஸின் சிரிப்பைப் பேதைமை என்பார் சிலர். விண்ணக மகிழ்ச்சி என்பார் வேறு சிலர். ஊத்தா கணவரிடமிருந்து ஒதுங்குகிறாள் என்போரும் உண்டு. குளிருக்காகப் போர்த்தியிருக்கலாம் என்று ஏனோ ஒருவருக்கும் எளிதில் தோன்றுவதில்லை!

இவை செதுக்கப்பட்டது 1250-ஆம் ஆண்டையொட்டி. அண்ணன் தம்பி இருவரும் ஆயரின் இருக்கையைச் சைட்ஸ் நகரிலிருந்து நௌம்பர்க்குக்கு மாற்ற உதவியதோ 1028-இல். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர்களின் முகங்களைச் சிற்பி எங்ஙனம் கண்டிருப்பான்? அவன் பெயரும் நமக்குத் தெரியாது. 1249-இல் ஆயர் இரண்டாம் தீத்ரிக், ஆலயப் பணிக்குக் காணிக்கை வேண்டி விடுத்த மடலில், இந்தப் பழைய உபகாரிகளின் பெயர்களை நினைவூட்டினார். தன் காலத்து மக்களின் முகங்களைக்கொண்டே சிற்பி அவர்களுக்கு உயிரூட்டினான் என்று எண்ணவே என் மனம் இசைகிறது.

இந்த முகங்களைப் படிப்பது எப்போதும் தீங்கற்ற பொழுதுபோக்காய் இருந்ததில்லை. நாஜி ஆட்சியினர் ஊத்தாவின் முகத்தில் தூய ஜெர்மானியப் பெண்மையைக் கண்டதாகப் பறைசாற்றினர். பிற இனத்தாரை இழிவுபடுத்தும் பிரசாரத்திற்கும் அவளைப் பயன்படுத்தினர். 1939-இல் அவர்களுடைய படைகள் ரெக்லிந்திஸின் தாயகமான போலந்திற்குள் புகுந்தன.

திரும்பும்போதும் அதே சிலுவையின் கீழாகத்தான் வெளியேறவேண்டும். தேவமாதாவின் முகத்தை இம்முறை சற்று நேரம் நின்று பார்த்தேன்.